மூலிகைக் கம்பெனி

"பி.ஆர். கெடச்சிருச்சா தம்பி? அங்கிட்டே நிரந்தரமாத் தங்கிக்கலாம்ல?"

பெண் பார்க்க வந்த கனடா சிவபிரகாஷிடம் குணசேகரன் கேட்டு முடிப்பதற்குள், மகள் ஹரிணி காபித் தட்டோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பெண்ணுக்கு இடம் பிடித்துவிட்டது என்று அம்மா அமுதவல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

பிடிக்கவாவது! ஹரிணி விரும்பிய கதிரேசனை அப்பா போன மாதம்தான் ஒரே பேச்சில் வேண்டாமென்றிருந்தார். நண்பன் கல்யாணத்தில் அவன் எடுத்துக்கொண்ட போட்டோவில், அவனுக்கு நாலு நாற்காலி தள்ளி எவனோ பீர் பாட்டில் வைத்திருந்தானாம்.

"போதைக்காரப் பயலுக சகவாசம் உள்ளவனுக்கு ஏம்பொண்ணு கெடையாது!" ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். முந்திரி வியாபாரத்தை விட்டாலும் விடுவார், ஒழுக்கத்தை விடமாட்டார், அப்பேர்ப்பட்ட மனிதர்.

அந்த ஒழுக்கத்தைத்தான் ஹரிணி இன்று மலைபோல நம்பியிருந்தாள். சிவபிரகாஷின் வேலை என்னவென்று நெட்டில் தோண்டி எடுத்துவிட்டாள். இந்தச் சம்பந்தம் முறிந்தால் கதிரேசனுக்காக இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம். முறியாவிட்டால் தை பிறந்ததும் தாலி.

"மூலிகைக் கம்பெனின்னு தரகர் சொன்னாரு. என்ன மூலிகைங்க?" ஹரிணியே ஆரம்பித்தாள்.

சிவபிரகாஷ் பாவம், மறைக்கத் தெரியாதவன். "பத்தாயிரம் செடிக்கு நாந்தான் பொறுப்புங்க. தீராத வலி, சில வலிப்பு, கேன்சர்காரங்களுக்கு வர்ற வாந்தி, இதுக்கெல்லாம் டாக்டருங்க எழுதித் தாராங்க. சும்மா புகைக்கிறவங்களுக்கும் கடையில பில் போட்டே விக்கலாம். அங்க சட்டம் அப்படி."

"செடிக்குப் பேரு?"

"கன்னாபிஸ். இங்கிலீஷ்ல வீட், பாட்னும் சொல்வாங்க. வடநாட்டுல பாங். சித்த வைத்தியத்துல கோரக்கர் மூலி."

"நம்ம ஊருல?" ஹரிணி விடுவதாக இல்லை.

"கஞ்சாங்க."

அமுதவல்லி நீட்டிய கேசரித் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தரகர் வீரய்யா தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசலைப் பார்த்தார்.

குணசேகரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். ஹரிணி மனசுக்குள் கதிரேசனுக்கு மாலையே போட்டுவிட்டாள்.

அப்பா நேரே போய் சிவபிரகாஷ் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது கெடக்கட்டும் மாப்ள, பி.ஆர். கெடச்சிருச்சா?"