மேலாளரின் குதிகால்

காலுறைக் கடையின் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மேலாளர் இடது காலை விற்பனைப் பெண்ணின் முன்னால் நீட்டுகிறார். மன உறுதி இருந்தால் போதும் என்று அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் முழங்கி, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதை ஓட்டத்துக்கு நாற்பது பேரைப் பெயர் கொடுக்க வைத்தவர் அவர்தான். பயிற்சிக்குப் போன இரண்டு முறையும் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நொண்டிக்கொண்டு திரும்பியவரும் அவர்தான். அது பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு மட்டுமே தெரியும். ஜன்னல் வெயில் குதிகாலில் விழ, ஆறத் தொடங்கிய கொப்புளம் திராட்சைபோலப் பளபளக்கிறது. "பருத்தி சாக்ஸ்தான் போடுவேன். அதுவும் ரெண்டு ஜோடி, ஒண்ணு மேல ஒண்ணு" என்கிறார், கூட்டத்தில் பேசும் குரலில். "அதான் சார் ஷூ கடிச்சிருக்கு. பருத்தி வேர்வையக் குடிச்சிட்டு ஈரமாவே கிடக்கும், தோல உரசும். மெல்லிசு கம்பளின்னா ஈரம் தங்காது. உங்க கால்ல ஒரு குறையும் இல்ல." "நிஜமாவா?" குரல் சட்டென்று இறங்குகிறது. "மனசுலதான் கோளாறுன்னு ரெண்டு வாரமாத் தூங்கலம்மா இவரு" என்கிறாள் மனைவி. விற்பனைப் பெண் பிளாஸ்திரி ஒட்டி, மெல்லிய கம்பளிக் காலுறையை மாட்டி, கால்விரல் நுனியில் விழுந்த சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிவிடுகிறாள். மேலாளர் ஷூவை மாட்டிக்கொண்டு அலமாரிகளை ஒருமுறை பூனைபோலச் சுற்றிவருகிறார். அடுத்த சுற்றில் ஓட்டம். மூன்றாவதில் டை தோளுக்குப் பின்னால் பறக்கிறது, தொங்கும் காலுறைகள் ஆடுகின்றன. "வலிக்குதாங்க?" என்று மனைவி குறுக்கே வருகிறாள். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்கிறார் மேலாளர், மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டே.