அடித்த வரி

சட்டமன்றப் பதிவறையின் மேசையில் மதிய வெயில் பட்டை பட்டையாய் விழுந்து கிடக்கிறது. முப்பது வருடமாக எதிர்வரிசையில் உட்கார்ந்து அரசை உரித்துத் தொங்கவிட்டவர், நேற்றைய தன் பேச்சின் தட்டச்சுத் தாளை, எழுத்துப்பிழை பார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டு எழுதிய சுருக்கெழுத்தாளர் எதிரே உட்கார்ந்து அவர் பேனாவையே பார்க்கிறாள். சிறிய பள்ளிகளை மூடும் மசோதாவைப் பற்றிய பேச்சு அது. அவள் அக்கா வேலை பார்க்கும் பள்ளியும் பட்டியலில் இருக்கிறது. பேனா பிழைகளையெல்லாம் தாண்டிப் போய், ‘எதிர்த்தே வாக்களிப்பேன்’ என்ற வரியை நீளமாக அடிக்கிறது. “ஐயா, அது பிழையில்லையே. மேசையத் தட்டிச் சொன்னீங்களே.” “சொன்னேன்மா. கொஞ்சம் வாய் நீண்டுடுச்சு.” சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை இதுவரை ஆளுங்கட்சி வரிசையில்தான் அவள் பார்த்திருக்கிறாள். “பிழையத்தான் திருத்தலாம். சொன்னத எடுக்க விதியில்லைங்க.” “விதிய எனக்கே சொல்றியா? அத எழுதுன குழுவுல இருந்தவன் நான்.” “அதான், உங்களுக்குத் தெரியாததா.” அடித்த வரியின் கீழ் அவள் வரிசையாகப் புள்ளி வைக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்று அச்சகத்துக்கு அர்த்தம். “நாளைக்கு வாக்கெடுப்பு. வந்துடுவீங்கல்ல ஐயா?” ஒரு நாள்கூடச் சபைக்கு வராமல் இருந்ததில்லை என்று பெயரெடுத்தவர், பேனா மூடியைத் திருகியபடி, “ரெண்டு நாளா நெஞ்செரிச்சல்மா,” என்கிறார்.