தினம் ஒரு முட்டை

"இன்னிக்கும் ஒரு முட்டை விழுந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் டப்பாவை ஆசிரியர் அறை மேசையில் கவிழ்த்தாள் கணக்கு டீச்சர்.

டிராயிங் டீச்சர் எட்டிப் பார்த்தாள். டப்பா நிறையத் துண்டுச் சீட்டுகள். வகுப்பு முடிந்து போகும்போது பிள்ளைகள், பாடம் புரிந்திருந்தால் ஒரு டிக், புரியாவிட்டால் ஒரு முட்டை போட்டு, வாசலில் இருக்கும் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும். பெயர் வேண்டாம். பெயர் எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? சில வாண்டுகள் இரண்டு சீட்டு போடும், சில போடாமலே ஓடிவிடும். எண்ணிக்கை ஒரு நாளும் சரியாக வந்ததில்லை.

"முதல் நாள் பதினேழு முட்டை. ரிப்பனை வெட்டிக் காட்டினேன், ஆறாச்சு. டம்ளர்ல தண்ணி அளந்து காட்டினேன், ரெண்டாச்சு. இந்த ஒண்ணு மட்டும் ஒரு வாரமா நகர மாட்டேங்குது."

"மத்தவங்களுக்கெல்லாம் புரிஞ்சிருச்சில்ல? அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு."

"ஒருத்தருக்குப் புரியலையே."

"வெள்ளிக்கிழமை ஹெச்.எம். உன்னைப் பத்தி ரிப்போர்ட் எழுதப் போறார். அவர் வேணாம்னு எழுதிட்டா வேலை போச்சு. நீ என்னடான்னா, பின்னத்தால வகுக்கிற ஒரே பாடத்தை ரெண்டு வாரமாக் கட்டிக்கிட்டு அழறே. டெஸ்டும் வைக்கலை. அந்த மனுஷர் தினம் வராந்தாவுல நின்னு உன்னையே முறைக்கிறார். உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காதே."

அதுவும் உண்மைதான். தலைமை ஆசிரியர் முப்பது வருடம் கணக்கு நடத்திப் பழம் தின்று கொட்டை போட்டவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றால், டீச்சர் போர்டில் எழுதிய கணக்கையே இரண்டு தடவை சரிபார்ப்பாள். புது வேலை. இதை விட்டால் வேறு கதி இல்லை.

மறுநாள் அவள் பாடம் நடத்தவில்லை. ஆளுக்கொரு காகிதப் பட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா சுற்றி வந்து கைகளைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் தலையாட்டும் ஓர் ஆமாஞ்சாமிப் பையன் மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

"மூணு மீட்டர் ரிப்பனை அரை அரை மீட்டரா வெட்டினா எத்தனை துண்டு?"

"ஆறு மிஸ்."

"எப்படி? தலையாட்டாம வாயால சொல்லு."

"ஒரு மீட்டர்ல ரெண்டு துண்டு இருக்குல்ல மிஸ்? அப்போ மூணு ரெண்டு ஆறு. வகுத்தாலும் பெருசாத்தான் வரும்."

அவனை அப்படியே தூக்கிக் கொஞ்சலாம் போலிருந்தது அவளுக்கு. மற்ற பிள்ளைகளும் அவரவர் பாணியில் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அன்று மாலையும் டப்பாவில் முட்டை கிடந்தது.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"டெஸ்டே வைக்கலை. யாருக்குப் புரிஞ்சுது, யாருக்குப் புரியலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் டப்பாவை மேசையில் வைத்தாள். "இதை வச்சுத்தான் சார். இதையும், பிள்ளைங்க செய்யறப்போ பக்கத்துல நின்னு பார்க்கிறதையும் வச்சு மறுநாள் எப்படி நடத்தணும்னு முடிவு பண்ணுவேன்."

"இப்போ எல்லாருக்கும் புரிஞ்சிருச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. பாழாய்ப்போன வாய் வரவில்லை.

"இல்லை சார். ஒருத்தருக்கு மட்டும் இன்னும் புரியலை. யாருன்னும் கண்டுபிடிக்க முடியலை. அதுவரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போக மனசு வரலை."

"வேலையே போனாலும்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "போனா ரொம்பக் கஷ்டம்தான் சார். ஆனா அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தலைமை ஆசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ரிப்போர்ட்டில், 'நிரந்தரம் செய்யலாம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முப்பது வருஷமா, 'தலைகீழாப் போட்டுப் பெருக்கு'ன்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்தேன். ஏன்னு கேட்டவனை பெஞ்சு மேல ஏத்தினேன். எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? அந்தப் பிள்ளையை இனிமே வகுப்புக்குள்ள தேடாதீங்க டீச்சர். திங்கட்கிழமை இன்னொரு தடவை நடத்துங்க, அது வராந்தாவுல நின்னு கேட்டுக்கும்."