ஐஸ்வர்யாவின் எடை

"ஏளா, மாத்திரையப் பாதியா உடைச்சுக் குடு. எனக்கு முழுசு, அவளுக்குப் பாதி. கணக்கு சரியாத்தான இருக்கு?"

தங்கதுரை நீட்டிய மாத்திரையை முருகேஸ்வரி தொடக்கூட இல்லை. அவள் மடியில் மூன்றரை வயது மகள் ஐஸ்வர்யா சுருண்டு படுத்திருந்தாள். காலையிலிருந்து குடித்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"இது நீங்க முயல் தீவுக்குப் படகுல போறதுக்காக வாங்கினது. பெரிய ஆளுக்குள்ள மருந்தப் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதீய. மொதல்ல டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க."

தூத்துக்குடியில் கருவாட்டுக் கடை வைத்திருந்தாலும், தங்கதுரைக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். "என்னையப் பாத்து மீனே சிரிக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் வீட்டில் எப்போதும் வாந்தி மாத்திரை இருக்கும். இத்தனை வருட அனுபவத்தில், வாந்தி விஷயத்தில் தான் அரை டாக்டர் என்றே அவர் நினைத்திருந்தார்.

முழு டாக்டரான ஜெயஷீலா போனில் நிறையக் கேள்வி கேட்டார். வாந்தி பச்சையாக வருகிறதா, ரத்தம் உண்டா, சிறுநீர் போனாளா, கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறாளா, வயிறு உப்பியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகக் கிடைத்த பிறகுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒங்க மாத்திரையத் தூரப் போடுங்க அண்ணாச்சி. பாதி, கால்னு உடைச்சுக் குடுக்க அது கருப்பட்டி இல்ல. பிள்ளைங்களுக்குன்னு சிரப்பு இருக்கு. அதுவும் எடையப் பாத்துத்தான் அளவு. கூடிப்போச்சுன்னா வம்பு. பிள்ளை எத்தன கிலோ?"

"போன சித்திரையில பாத்தது..."

"போன சித்திரை எடைய வச்சு நான் என்ன செய்ய? இப்ப பாத்துச் சொல்லுங்க. எத்தன மில்லின்னு எழுதி அனுப்புதேன். லைன்லயே இருக்கேன்."

தங்கதுரை போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் செருகினார். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கினார். வீட்டுக்குக் கீழேதான் கடை. மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு வாசலிலேயே கிடந்தது. அதைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார்.

பின்னாலேயே வந்த முருகேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க போறிய? தராசு இங்கனதான கெடக்கு."

"சாளைக் கருவாட்டு மூட்டை வைக்கிற எடத்துல பச்சப்பிள்ளைய உக்கார வைக்கவா? அந்த வாடைக்கே இன்னொரு தடவ வாந்தி எடுப்பா. அய்யாக்குட்டி கடைக்குப் போவோம்."

"அவரும் கருவாட்டுக் கடைதான வச்சிருக்காரு. அங்க மட்டும் மல்லியப்பூவா நிறுக்காரு?"

தங்கதுரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தெருக்கோடியில் அய்யாக்குட்டி கடை போட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. 'சரியான எடைக்கு அய்யாக்குட்டி கடை' என்று அங்கே தொங்கும் போர்டைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும். இன்று அந்தப் போர்டைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார். பிள்ளையின் தலை தோளில் துவண்டு கிடந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. மானம் போனால் போகட்டும், இவள் எழுந்து ஓடியாடினால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அய்யாக்குட்டி கடையில் நல்ல கூட்டம்.

"வாங்க அண்ணாச்சி. கடை மாறி வந்துட்டீயளோ?"

"கேலி பண்ணாதலே. ஒன் வாசல்ல வந்து நிக்கேன் பாரு, என் நெலம அப்படி. பிள்ளைக்கு வாந்தி. மருந்துக்கு எடை பாக்கணும், ஒன் தராசக் கொஞ்சம் குடு."

அய்யாக்குட்டியின் சிரிப்பு மறைந்தது. "ஒங்க கடையிலயே தராசு இருக்கே அண்ணாச்சி?"

"அது ரிப்பேரு."

"காலையில கூட நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் முருகேஸ்வரி.

"நீ செத்த சும்மா இரு."

தராசின் மேல் துண்டை விரித்துப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. தங்கதுரை குனிந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையிடம் உரக்கச் சொன்னார்.

"டாக்டரம்மா, பதினாலு கிலோ. அய்யாக்குட்டி கடைத் தராசு. நம்பி எழுதலாம்."

"பதினாலா? சரி, அப்ப அளவு..."

அய்யாக்குட்டி சட்டென்று கையை நீட்டித் தங்கதுரையின் சட்டைப் பையைப் பொத்தினார். சுற்றி நின்ற வாடிக்கைக்காரர்களை ஒரு தடவை பார்த்தார். தராசில் வாடிப்போய் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"பதினாலு வேண்டாம் அண்ணாச்சி. கிலோவுக்கு நூறு கிராம் கழிச்சுச் சொல்லுங்க. பிள்ளைக்குக் குடுக்கிற மருந்து."

கருவாட்டுப் பையோடு நின்றவர்கள் ஆளுக்கு ஒருமுறை பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கதுரை வாய் பிளந்து நின்றார். "ஏலே, ஒன் தராசுமா?"

முருகேஸ்வரி மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப அதுக்குத்தான் இங்கன ஓடியாந்தீயளா?"

சட்டைப் பைக்குள்ளிருந்து டாக்டரின் குரல் தெளிவாக வந்தது. "பிள்ளைய உடனே கிளினிக்குக்குத் தூக்கிட்டு வாங்க அண்ணாச்சி, இங்க உள்ள தராசுல நிறுத்துக்கிடுவோம். போன வாரம் ஒங்க கடையில வாங்கின ஒரு கிலோ நெத்திலியையும் நான் எடுத்து வைக்கேன்."