துண்டுக்கு அடியில்

"பீ...ப்!"

ராஜகோபுர வாசலில் நிறுத்தியிருந்த மெட்டல் டிடெக்டர், எல்லம்மாள் நுழைந்ததும் ஊரையே கூட்டியது.

"இன்னாத்த எடுத்துக்கினு வந்த? நகரு, நகரு. பின்னாடி கூட்டம் நிக்குது" என்று முதுகுக்குப் பின்னால் கடுகடுத்தாள் அண்ணி சந்திரகலா.

எல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அண்ணி என்றைக்குத்தான் விட்டுக்கொடுத்துப் பேசியிருக்கிறாள்!

பெண் போலீஸ் கையிலிருந்த கருவியை மேலிருந்து கீழே ஓட்டினார். மார்புக்கு நேராக வந்ததும் அதுவும் கத்தியது.

"உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகள் கவியா சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய, கம்பி வைத்த பிரா!

அடுத்த வாரம் மகளைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறப் போகிறாள். "அம்மா, ஏர்போர்ட்டுக்கு மட்டும் அதைப் போட்டுக்கினு வராத, மிஷின் கத்தும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள் கவியா. சரியென்று பயணத்துக்குப் பழசை எடுத்து வைத்துவிட்டு, பயணம் நல்லபடியாக அமைய அண்ணாமலையாரைக் கும்பிட வரும்போது புதுசைப் போட்டுக்கொண்டாள். கோயில் வாசலிலும் அதே மிஷின்தான் நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆண்கள் வரிசையில் முன்னாலேயே உள்ளே போய்விட்ட அண்ணன் ராஜேந்திரன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா எல்லா? எதுக்கு உன்னை நிறுத்தி வெச்சிருக்காங்க? இன்னா வெச்சிருக்க?"

அவருக்கு ரகசியம்கூட ஒலிபெருக்கியில்தான் வரும். எல்லம்மாள் கூசிப் போனாள். நாற்பத்தெட்டு வயது, அரசாங்க நர்ஸ், ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள். அண்ணனிடம் போய் என்னவென்று சொல்வது?

"இப்படி வாங்க" என்று பக்கத்துத் திரைமறைவுக்குள் அழைத்துப் போனார் போலீஸ்காரம்மா. தொட்டுப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கம்பியாக்கா? நானே டியூட்டிக்கு இதைப் போட்டுக்கினு வர்றதில்ல. போங்க, பரவால்ல."

போகலாம்தான். வெளியே அண்ணன் நிற்கிறாரே!

வாழ்க்கை முழுக்க மறைத்தே பழகிய சமாச்சாரம் இது. கொடியில் காயப்போட்டால் மேலே ஒரு துண்டு போட்டு மூடியாக வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது, தோழி கன்னியம்மாளோடு தேரடி வீதிக் கடைக்கு நாலு தடவை போய், நாலு தடவையும் வளையல் வாங்கித் திரும்பி, அஞ்சாவது தடவைதான் வாயைத் திறந்து கேட்டாள். வெள்ளை நிறம். ஓரத்தில் பொடிப்பொடியாய் நீலப் பூ. அதைப் போட்டுக்கொண்டு தன் ஊரான அடி அண்ணாமலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிய அன்று, மலையே தன்னைத் திரும்பிப் பார்ப்பதாக ஒரு நினைப்பு. என்ன சந்தோஷம் அது!

அப்பாவுக்குத் தெரியக் கூடாது. "பொட்டப்புள்ள மினுக்க ஆரம்பிச்சா அன்னிக்கே படிப்பை நிறுத்திடுவேன்" என்பார். சொன்னால் செய்கிற மனுஷன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், கொடியில் துண்டு இருக்கிறது, அது இல்லை.

"உங்க அண்ணிதான் 'என்னுது'ன்னு சொல்லி எடுத்துக்கினு போனா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கல்யாணமாகி வந்து மூன்று மாதம்கூட ஆகாத அண்ணி! அன்றைக்கே தன் டிரங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினாள் எல்லம்மாள். அதற்குப் பிறகு இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் அண்ணியிடம் ஒரு ஹேர்பின்கூட இரவல் கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை.

திரை லேசாக விலகியது. ஒரு கை உள்ளே நீண்டது. கையில் சாவிக்கொத்து.

"புடி" என்று கிசுகிசுத்தது அண்ணியின் குரல்.

அடுத்த விநாடி அதே குரல் வெளியே கணீரென்று கேட்டது. "இன்னாத்துக்குங்க இப்படிக் கத்துறீங்க? அது என்னுது! என் சாவிக்கொத்தைத்தான் அவகிட்ட குடுத்து வெச்சேன்."

எல்லம்மாள் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி வெளியே வந்தாள். சோதனை முடிந்து அண்ணியும் வந்து சேர்ந்தாள்.

"உனக்கு எப்பவும் இதே பொழப்பு" என்று மனைவி மேல் பாய்ந்தார் ராஜேந்திரன். "கல்யாணமான புதுசுலயும் இப்படித்தான். எங்கப்பா கொடியில இருந்து எதையோ எடுத்துக்கினு 'யாருது இது'ன்னு குதிக்கிறாரு. இவ போய் 'என்னுது மாமா'ன்னு நிக்கிறா. ஒரு மாசம் இவ கையால சோறு வாங்கித் தின்னலியே அவரு!"

சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். எல்லம்மாள் அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எடுத்தது அப்பாவா? அன்றைக்கு அண்ணி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பத்தாம் வகுப்பு ஏது, நர்ஸ் வேலை ஏது?

"அண்ணி... நீங்க அதை உங்களுக்குன்னு எடுத்துக்கினீங்கன்னுதான் நான் இத்தினி நாளா..."

"எனக்கா?" அண்ணி சிரித்தாள். "அது எனக்கு எங்கடி பத்தும்? நீயும் மூஞ்சி குடுத்துப் பேசல. அடுத்த நாளே உன் பெட்டியில வெச்சிடலாம்னு எடுத்துக்கினு வந்தேன். பூட்டு தொங்கிக்கினு இருந்துச்சு."