சத்தம் கூட்டினால் நிற்கும் சத்தம்

“ஏங்க, இந்தா வருதுல்லா... டொக்... டொக் டொக். டி.வி.க்குள்ள யாரோ உக்காந்து தட்டுதாங்க.”

ராஜலட்சுமி ரிமோட்டை நீட்டிக் காட்டினாள். தங்கதுரை டி.வி.யின் பின்பக்கம் காதைக் கொண்டுபோனான். மறுபடியும் டொக்.

அவனுக்கு இது மானப் பிரச்சினை. கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் கியர்பாக்ஸ் சத்தம் சோதிக்கிறவன். மெஷின் ‘ஓகே’ சொன்ன பெட்டியின் மேல் ஓர் இரும்பு ராடை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, “மூணாவது கியர்ல ஒரு பல்லு போச்சு” என்பான். பிரித்தால் அந்தப் பல்தான் போயிருக்கும். ‘காது தங்கதுரை’ என்றால் கேன்டீனில் டீ ஊற்றுபவருக்குக்கூடத் தெரியும்.

அந்தக் காதுக்கே ஒரு டி.வி. டிமிக்கி கொடுத்தது.

மானத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. டி.வி. மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஹவுஸ் ஓனர் ராமப்பனின் வீடு. மகள் நிர்மலா பிளஸ் டூ போனதுமே அவர் தன் வீட்டுக் கேபிளை வெட்டி, டி.வி.யைப் பரணில் ஏற்றிவிட்டார். அதோடு விட்டாரா?

“இதோ பாருங்க தொரை, பாப்பா படிக்குது. உங்க டி.வி. சத்தம் எங்க ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா, அடுத்த மாசமே வேற ஊடு பாத்துக்குங்க.”

கம்பெனி பஸ் வாசலில் வந்து நிற்கிற வீடு. மகனுக்கு ஸ்கூல் அடுத்த தெரு. விட்டுவிட முடியுமா? அன்றிலிருந்து வால்யூம் ஆறைத் தாண்டியதில்லை. சீரியலில் மாமியார் என்ன கத்து கத்தினாலும் ராஜலட்சுமிக்கு வாயசைப்புதான் மிச்சம். இப்போது டி.வி. பேசுவதைவிட இந்த டொக் டொக்தான் பெரிதாகக் கேட்டது. ஓனர் காதில் விழுந்தால் வீடு காலி.

தங்கதுரை காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’ ஆரம்பித்தான். கம்பெனியில் எது கெட்டாலும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்பார்கள். காரணம் அகப்பட்டுவிடும்.

“ஏன் சத்தம் வருது?”

“ஏதோ ஆடுது.”

“ஏன் ஆடுது?”

“நீங்க மாட்டுனதால,” என்றாள் ராஜலட்சுமி.

அதற்குமேல் அவன் ‘ஏன்’ கேட்கவில்லை. ஸ்க்ரூவை முறுக்கினான். ரப்பர் வாஷர் போட்டான். ஒரு பாவமும் அறியாத பல்லியைத் துரத்தினான். டொக் டொக் நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக் சென்னகிருஷ்ணன் வந்து கழற்றிப் பார்த்தார்.

“டி.வி. தங்கமா இருக்குதுங்க. சத்தமே வரலியே?”

“ராத்திரி எட்டு மணி சீரியலுக்கு மட்டுந்தாங்க வரும்,” என்றாள் ராஜலட்சுமி.

“அப்ப நான் வேணாங்க. வேப்பிலை அடிக்கிறவரக் கூப்புடுங்க.”

தங்கதுரை விடவில்லை. அன்று எட்டு மணிக்கு உட்கார்ந்து அதே தாளில் கணக்கெடுத்தான். வால்யூம் ஆறில் ஒன்பது டொக். பத்தில் நாலு. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு பதினைந்து வைத்தான். ஒரு டொக்கும் இல்லை! சீரியல் முடியும்வரை இல்லை.

“சத்தத்தக் கூட்டுனா சத்தம் நிக்குது. இது என்ன கூத்து?”

“அத விடுங்க. பதினஞ்சு வச்சும் ஓனர் சண்டைக்கு வரலியே?”

“வெளிய போயிருப்பாரு. நம்ம நல்ல நேரம்.”

அடுத்த நாள் மறுபடி ஆறு. மறுபடி டொக் டொக். தங்கதுரை தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

“ஓனர்ட்ட உள்ளதச் சொல்லிருதேன். பதினஞ்சு வைக்க விட்டா சரி. இல்லன்னா நம்ம டி.வி.யும் பரணுக்குத்தான்.”

ராஜலட்சுமியின் முகம் விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தது நிர்மலா. கையில் கெமிஸ்ட்ரி புத்தகம். இரண்டு காதிலும் பஞ்சு.

தங்கதுரைக்குச் சுருக்கென்றது. ஆறு வைத்தே இந்தப் பாடா? படிக்கிற பிள்ளையைக் காதை அடைத்துக்கொள்ள வைத்துவிட்டோமே!

“மன்னிச்சுக்கம்மா, எங்க டி.வி...”

“ஆ?”

அவள் பஞ்சை எடுத்தாள். அவன் முதலிலிருந்து சொன்னான். ஒன்பது டொக், நாலு டொக் என்று தாளைக் காட்டக் காட்ட, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு விரலை உதட்டில் வைத்து, சாமான் ரூம் கதவிடுக்கைக் காட்டினாள்.

உள்ளே ராமப்பன். அரிசி மூட்டைமேல் மண்டி போட்டு, ஓர் எவர்சில்வர் டம்ளரின் வாயைச் சுவரில் பதித்து, அடியில் காதை ஒட்டியிருந்தார். சரியாகக் கேட்கவில்லை போல. டம்ளரை நாலு விரல் தள்ளி வைத்தார். டொக். கொஞ்சம் மேலே. டொக் டொக்.

அச்சு அசலாக அவனுடைய ராடு வித்தை!

தங்கதுரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்களக் காலி பண்ணச் சொல்லிட்டு, இவரு செய்யுத வேலையா இது? நல்லாருக்கும்மா உங்கப்பா நியாயம்!”

“மெதுவா பேசுங்க அங்கிள். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.” நிர்மலா கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். “அஞ்சு வருசமா ஒரு நாள் உடாம பாத்த சீரியலு. எனக்காகத்தான் கட் பண்ணாரு. டம்ளரப் புடிச்சுப் புடிச்சுக் கழுத்து வலின்னு தைலம் தேச்சிக்கிறாரு.”

அவன் தாளிலிருந்த பதினைந்தை அவள் தன் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தாள்.

“நேத்து இதுல வெச்சீங்களே, அப்பா சேர்ல சாஞ்சுக்கினு நிம்மதியா கேட்டாரு அங்கிள். இன்னிக்கும் வெப்பீங்கன்னுதான் ஏழரைக்கே பஞ்சு வெச்சுக்கினு உக்காந்திருக்கேன்!”