மச்சான் சொன்ன ஆயில்

“திக்கான ஆயில்தான் மாப்பிள்ளை உங்க காருக்குச் சரி. வேற எதையும் ஊத்திடாதீங்க” என்றார் மச்சான்.

மச்சான் என்றால் பல் டாக்டரின் மனைவிக்கு அண்ணன், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். அவருக்கு எதிரே, தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மேல் கை வைத்தபடி, டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். கார் அவரைவிட வயதில் மூத்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். குறை ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது கியர் போட்டால் கரகரவென்று ஊருக்கே கேட்கும்.

போன வருஷம் பழைய கார்களின் ஊர்வலத்தில், நடுவர்களின் மேடைக்கு நேர் எதிரே அந்தச் சத்தம் கிளம்பியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்குப் போன மானம் டாக்டருக்கு இன்னும் திரும்பவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊர்வலம்.

“எத்தனை தடவை மாத்தியாச்சு மச்சான். சத்தம் கூடிக்கிட்டேதான் போகுது.”

“பழைய வண்டி அப்படித்தான். போகப்போகச் சரியாயிடும்.”

வீட்டில் புலம்பினால் அங்கேயும் அதே பாட்டுதான். அண்ணன் பேச்சைத் தட்டாதீர்கள் என்றாள் மனைவி. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் காருக்கு என்ன கம்பீரம் என்றார் அப்பா. பள்ளிக்கூடம் போகும் மகள்கூட, சும்மா காரை நோண்டாதீங்கப்பா என்று புத்தி சொன்னாள். கார் விஷயத்தில் வாயே திறக்காதவர்கள் இப்படி ஒரே குரலில் பேசுகிறார்களே, குடும்பத்துக்கே தன் கார் மேல் அக்கறை வந்துவிட்டது என்று டாக்டர் உள்ளூரக் குளிர்ந்துபோனார்.

பல் அடைக்க வந்த வக்கீல் ஒருவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவரிடமும் அதே மாடல் கார். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி டாக்டரின் புலம்பல் முழுவதையும் கேட்டவர், பஞ்சை எடுத்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

“பின் அச்சுக்கு ஊத்துற திக்கான ஆயிலை கியர்பாக்ஸ்ல ஊத்தியிருக்காங்க டாக்டர். உள்ளே பித்தளை வளையம் இருக்கு. அது பிடிச்சாத்தான் கியர் சத்தமில்லாம விழும். அந்த ஆயில்ல வளையம் வழுக்கும், அரிச்சும் போயிடும். பித்தளைக்கு ஒத்துக்கற ஆயிலாக் கேட்டு வாங்குங்க.”

டாக்டர் மச்சானிடம் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை கிளினிக்கைச் சீக்கிரமே மூடிவிட்டுப் போய், வக்கீல் சொன்ன ஆயிலை வாங்கி, வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றினார். நல்லவேளையாக வளையங்கள் இன்னும் பிழைத்திருந்தன.

என்றைக்கும் கரகரக்கும் அதே தெருமுனையில் இரண்டாவது கியரைப் போட்டார். ஒரு முனகல்கூட இல்லை. டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாளைக்கு எவன் சிரிக்கிறான் பார்த்துவிடலாம். முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்று, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் திறந்தார்.

சாப்பாட்டு மேஜை மேல் பெரிய சாக்லேட் கேக், பாதி காலி. மகளின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. டாக்டரே கட்டிக்கொடுத்த பல் செட்டைத் தம்ளரில் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பா கிரீமை வழித்துக்கொண்டிருந்தார். கேக் வெட்டும் கத்தி மச்சான் கையில். இனிப்பு என்று எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என டாக்டர் சட்டம் போட்டிருந்த வீடு அது.

“என்னங்க, தெருமுனையில சத்தமே கேக்கலையே?” என்று அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டாள் மனைவி.

மச்சான் கத்தியைக் கீழே வைத்தார். “இதுக்குத்தான் மாப்பிள்ளை, வேற ஆயில் ஊத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”